புதுப்பித்தபின் திரை இருண்டால்



இரவு உணவு முடிந்தபின் கணிப்பொறியின் முன் அமர்கிறோம். ‘புதிய திருத்தங்கள் வந்துள்ளன; ஏற்றுக்கொள்ளலாமா?’ என்று அது கேட்கிறது. சம்மதம் தெரிவிக்கிறோம். சிறிது நேரத்தில் வேலை முடிந்து, மறுபடி தொடங்கும்படி நம்மை வேண்டுகிறது. அவ்வாறே அணைத்துத் திறக்கிறோம். திரையில் ஒன்றையும் காணோம். இடது மூலையில் ஒரு சிறு கோடு மினுக்கிக்கொண்டிருக்கிறது. சில வேளைகளில் அதுவும் இல்லை. கால் மணி நேரத்துக்கு முன்பு வரை செவ்வையாக இயங்கிய பொறி அது. நாம் செய்ததெல்லாம் ‘சரி’ என்ற பொத்தானை ஒரு முறை அழுத்தியதுதான்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களுள் பலர் இந்த அனுபவத்தை ஒரு முறையேனும் அடைந்திருப்பர். கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணிப்பொறி பயில்கிறார்கள். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளமும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் உபுண்டு, ஃபெடோரா முதலிய பெயர்களில் அது புகுந்துவிட்டது. ஆனால் திரை இருளும்போது பக்கத்தில் அமர்ந்து தாய்மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும்” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அது எத்துணை அவசரமான தீர்ப்பு என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

துபாஷியின் வேலை

ஓர் உவமையுடன் தொடங்குவோம். சென்னைப் பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வாணிகம் நடத்திய நாளில் துபாஷிகள் இருந்தனர். வெள்ளையருக்கு நம் நெசவாளரின் மொழி தெரியாது. நெசவாளருக்கு அவர்களுடைய மொழி தெரியாது. இருவருக்குமிடையே நின்று பேச்சை நடத்தியவர் துபாஷி. அவர் வராத நாளில் சரக்கும் இருக்கும், பணமும் இருக்கும். வாணிகம் மட்டும் நடவாது.

கணிப்பொறியிலும் இவ்வாறே. ‘கெர்னல்’ என்பது லினக்ஸின் மையப் பகுதி. நினைவகம், வட்டு, விசைப்பலகை முதலிய அனைத்தையும் ஆள்வது அதுவே. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை எழுதத் தொடங்கினார். திரையில் படம் வரையும் பொறுப்பு ‘கிராபிக்ஸ் கார்டு’ என்னும் உறுப்பினுடையது. கெர்னலின் கட்டளைகளை அந்தக் கார்டு விளங்கிக்கொள்ளும் வகையில் பெயர்த்துச் சொல்லும் துபாஷியே ‘டிரைவர்’ எனப்படும் நிரல்.

கெர்னல் ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. அதனை ஆக்குவோர் ஒரு கொள்கையை உறுதியாகக் கடைப்பிடிக்கின்றனர். நாம் பயன்படுத்தும் செயலிகளுக்குக் கெர்னல் கொடுத்த வாக்கு மாறக்கூடாது. ஆனால் கெர்னலின் உள்ளே உறுப்புகள் தம்முள் பேசிக்கொள்ளும் முறை எப்பொழுது வேண்டுமானாலும் மாறலாம். டிரைவரோ உள்ளே இருந்து பேசுவது. ஆகையால் ஒரு கெர்னலுக்காகக் கட்டப்பட்ட டிரைவர் மற்றொரு கெர்னலுக்குப் பொருந்துமென்று எதிர்பார்க்க இயலாது. பழைய நுழைவுச் சீட்டுடன் வந்த துபாஷியைப் புதிய வாயிற்காவலன் வெளியே நிறுத்திவிடுகிறான். அந்நிலையில் கார்டும் நலமாக இருக்கிறது. கெர்னலும் நலமாக இருக்கிறது. வட்டிலுள்ள நம் கோப்புகளும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. திரை மட்டும் இருண்டிருக்கிறது.

யாருக்கு இத்தொல்லை மிகுதி?

எல்லாக் கணிப்பொறிகளுக்கும் இத்தொல்லை ஒரே அளவில் வருவதில்லை. இன்டெல் நிறுவனத்தின் கிராபிக்ஸுக்குரிய டிரைவரும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் கார்டுகளுக்குரிய டிரைவரும் கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்கின்றன. ஏ.எம்.டி.யின் இன்றைய டிரைவர் 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த 4.2-ஆம் கெர்னலில் இடம்பெற்றது. கெர்னலின் உள்மொழி மாறும்போது, மாற்றுகிறவர்களே அந்த டிரைவரையும் உடன் திருத்திவிடுகின்றனர். வீட்டோடு வளர்ந்த பிள்ளைக்கு வீட்டு வழக்கம் தெரிவது போன்றது அது.

என்விடியா நிறுவனத்தின் நிலை வேறு. அதன் டிரைவர் நெடுங்காலமாகக் கெர்னலுக்கு வெளியே, நிறுவனத்தின் சொந்தப் பொருளாகவே இருந்து வந்தது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் டிரைவரின் கெர்னல் பகுதியை அந்நிறுவனம் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. எனினும் அப்பகுதியும் கெர்னலின் மூலநிரலோடு சேராமல் தனியாகவே வழங்கப்பெறுகிறது. ஆதலால் புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கேற்ப டிரைவரை மீண்டும் கட்ட வேண்டியிருக்கிறது.

அவ்வேலையை நாம் கையால் செய்வதில்லை. டெல் நிறுவனத்தார் உருவாக்கிய ‘டி.கே.எம்.எஸ்.’ என்னும் கருவி நமக்காகப் பின்னணியில் செய்துவிடுகிறது. புதிய கெர்னல் வந்தவுடன் அது டிரைவரின் மூலநிரலை எடுத்து அந்தக் கெர்னலுக்கேற்பக் கட்டி வைக்கும். உபுண்டு போன்ற விநியோகங்கள் பல கெர்னல்களுக்கு முன்னதாகவே கட்டி முத்திரையிட்ட டிரைவரையும் அளிக்கின்றன. பத்தில் ஒன்பது முறை இவை நம் கண்ணுக்குத் தெரியாமலே நிறைவேறிவிடும். நிறைவேறாத ஒரு முறைதான் நம்மை இருளில் உட்கார வைக்கிறது.

நான் பட்ட பாடு

இவ்விளக்கம் தெரியாமல் நான் ஒரு முறை பெருந்தவறு செய்யவிருந்தேன். மொழிபெயர்ப்புத் தொழிலில் பதினோர் ஆண்டுகளாக நான் சேர்த்து வந்த கலைச்சொல் தொகுதி என் மேசைக் கணிப்பொறியில் இருந்தது. சட்டம், வேளாண்மை, இரயில்வே, மருத்துவம் என்று துறைவாரியாக, ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கே எப்பொழுது எப்பொருளில் ஆளப்பட்டதென்ற குறிப்புடன் வைத்திருந்தேன். அதற்கு வேறு படி கிடையாது. ஒரு சனிக்கிழமை மாலை, புதுப்பித்தல் முடிந்தபின் திரை இருண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். “சிஸ்டம் போய்விட்டது, முழுவதும் அழித்துத்தான் போட வேண்டும்” என்றார். நானும் வேறு வழியில்லையென்று எண்ணித் தலையசைத்தேன். கடை அடைக்கும் நேரமாதலால் திங்கட்கிழமை வரச் சொன்னார். அந்த ஒரு நாள் இடைவெளிதான் என்னைக் காப்பாற்றியது.

ஞாயிறன்று அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தொடக்கப் பட்டியலைத் திறந்து, முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு நிமிடங்களில் என் மேசைத்திரை, கோப்புகள், கலைச்சொல் தொகுதி எல்லாம் பழையபடியே காட்சியளித்தன. பின்னர்க் காரணத்தையும் கண்டறிந்தார். புதிய கெர்னல் வந்திருந்தது. ஆனால் டிரைவரைக் கட்டுவதற்கு வேண்டிய ‘ஹெடர்’ கோப்புகள் அதனுடன் வரவில்லை. ஒரு சிறு தொகுப்பை நிறுவியதும் குறை தீர்ந்தது. திங்கட்கிழமை கடை திறந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

முதலில் செய்ய வேண்டியவை

ஆகவே முதல் விதி இது: எதையும் அழிக்கக்கூடாது, எவரையும் அழிக்க விடவும் கூடாது.

இரண்டாவது, பொறி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். கருந்திரையில் எழுத்துக்கள் தோன்றிப் பயனர் பெயரைக் கேட்டால், இயங்குதளம் நலமாக இருக்கிறது, படத்தில்தான் கோளாறு. பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழையலாம். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தோன்றாது. அது வழக்கமே, தயங்காமல் தட்டி முடியுங்கள்.

மூன்றாவது, பழைய கெர்னலுக்குத் திரும்புங்கள். பொறியை மறுபடி தொடங்கி, தயாரிப்பாளரின் சின்னம் மறையும் தறுவாயில் ‘எஸ்கேப்’ விசையை ஓரிரு முறை அழுத்துங்கள். பழைய பொறியாயின் ‘ஷிஃப்ட்’ விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘கிரப்’ என்னும் தொடக்கப் பட்டியல் தோன்றும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால், பொறியில் உள்ள கெர்னல்கள் எண்களுடன் வரிசையாக நிற்கும். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்த பதிப்பை, ‘ரெக்கவரி’ என்ற சொல் இல்லாத வரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கெர்னலோடு டிரைவர் பொருந்தாமையே காரணமாயின், திரை பெரும்பாலும் அப்பொழுதே வந்துவிடும்.

அதிலும் வராவிடில், நான்காவதாக ஒரு வழி உண்டு. அதே பட்டியலில் கெர்னல் வரியின் மீது நின்று ‘இ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். சில வரிகள் தோன்றும். அவற்றுள் ‘லினக்ஸ்’ என்ற சொல்லோடு தொடங்கும் வரியின் இறுதிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு, ‘நோ’, ‘மோட்’, ‘செட்’ என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் சிறிய எழுத்துக்களில், இடைவெளியின்றி ஒன்றாகச் சேர்த்துத் தட்டி, எஃப் 10 விசையை அழுத்துங்கள். மோட் என்பதன் இறுதியில் ‘இ’ எழுத்து உண்டு என்பதை மறவாதீர்கள். டிரைவர் தன் போக்கில் திரையின் அமைப்பை மாற்ற வேண்டாம் என்பதே இதன் பொருள். படம் சற்றுப் பெரிதாகவும் மங்கலாகவும் தெரியலாம்; ஆயினும் வேலை செய்வதற்கு அது போதும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே உரியது. அடுத்த முறை தானே மறைந்துவிடும். ஆகையால் அஞ்ச வேண்டியதில்லை.

திரை கிடைத்தவுடன், வேறெதற்கும் முன்பாக, முக்கியமான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் படியெடுத்துவிடுங்கள். பழுதுபார்த்தல் அதன் பின்னரே.

காரணம் காணுதல்

இனி, காரணத்தைத் தேடுவோம். கட்டளை தட்டும் ‘டெர்மினல்’ சாளரத்தைத் திறந்து மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் சிறிய ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டுக.

‘இப்பொழுது இயங்கும் கெர்னல் எது?’ என்பது முதற்கேள்வி. ‘யூ’ என்ற எழுத்தையும் பெயர் என்னும் பொருளுள்ள ‘நேம்’ என்ற சொல்லையும் ஒன்றாகச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் ‘ஆர்’ எழுத்தும் தட்டினால் கெர்னலின் எண் தெரியும். அதனைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

‘டிரைவர் எந்தெந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டிருக்கிறது?’ என்பது இரண்டாவது. டி, கே, எம், எஸ் என்ற நான்கு எழுத்துக்களையும், இடைவெளி விட்டு ‘ஸ்டேட்டஸ்’ என்ற சொல்லையும் தட்டுங்கள். ஒவ்வொரு கெர்னல் எண்ணுக்கும் நேரே ‘இன்ஸ்டால்டு’ என்றிருக்க வேண்டும். பழைய எண்ணுக்கு அச்சொல் இருந்து, புதிய எண்ணே காணப்படாவிடில், நோய் இன்னதென்று விளங்கிவிட்டது: புதிய கெர்னலுக்கு டிரைவர் கட்டப்படவில்லை.

‘சென்ற முறை என்ன நேர்ந்தது?’ என்பது மூன்றாவது. கணிப்பொறி நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையது. ‘ஜர்னல்’ என்ற சொல்லோடு, ‘சி.டி.எல்.’ என்ற மூன்று எழுத்துக்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டுங்கள். பிறகு இடைவெளி விட்டுச் சிறுகோடும் ‘கே’யும், மறுபடி இடைவெளி விட்டுச் சிறுகோடும் ‘பூட்’ என்னும் சொல்லின் முதலெழுத்தும், இறுதியாக இடைவெளி விட்டுச் சிறுகோடும் 1 என்ற எண்ணும் தட்டினால், இதற்கு முந்தைய தொடக்கத்தில் கெர்னல் எழுதிய குறிப்புகள் வரும். அவற்றில் ‘என்விடியா’, ‘எரர்’, ‘ஃபெயில்டு’ என்ற சொற்கள் வரும் வரிகளை மட்டும் படித்தால் போதும்.

காரணத்துக்கேற்ற பரிகாரம்

என் அனுபவத்தைப் போல ஹெடர் கோப்புகள் இல்லாமையே காரணமாயின், புதிய கெர்னலின் எண்ணுக்குரிய ஹெடர் தொகுப்பை நிறுவ வேண்டும். நிறுவியவுடன் உபுண்டுவிலும் டெபியனிலும் டி.கே.எம்.எஸ். தானாகவே கட்டும் பணியைத் தொடங்கிவிடும்.

சில வேளைகளில் கட்டத் தொடங்கி நடுவில் முறிந்துவிடுவதுண்டு. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உபுண்டு 22.04 பதிப்பைப் பயன்படுத்தியோர் பலருக்கு இது நேர்ந்தது. அப்பொழுது வந்த 6.5-ஆம் கெர்னல், ‘ஜி.சி.சி.’ என்னும் தொகுப்பியின் 12-ஆம் பதிப்பால் ஆக்கப்பட்டிருந்தது. பயனர்களின் பொறியிலோ 11-ஆம் பதிப்பே இருந்தது. கொத்தனாரிடம் பழைய கரண்டி. சுவருக்கோ புதிய அளவு. 12-ஆம் பதிப்பை நிறுவியதும் கட்டுமானம் நிறைவேறிற்று. பிழைச் செய்தியின் முதல் வரியைப் படித்தவர்கள் அரை மணியில் மீண்டனர். படியாமல் அழித்தவர்கள், மறுபடி நிறுவியபின் அதே குறையை மீண்டும் கண்டனர்.

குறிப்பேட்டில் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்ற வரி இருந்தால், முத்திரையில் சிக்கல். ‘செக்யூர் பூட்’ என்னும் காவல் ஏற்பாடு, தான் அறிந்த முத்திரை இல்லாத டிரைவரை உள்ளே விடாது. டிரைவரை நிறுவும்போது நம்மிடம் ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த தொடக்கத்தில் ஒரு நீலத்திரை தோன்றும். பத்து நொடிக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் முத்திரை பதிவாகும். அந்நீலத்திரையைக் கண்டு மிரண்டு ‘கன்டின்யூ’ என்று கடந்து செல்வோரே மிகுதி. அவ்வாறு கடந்துவிட்டாலும், ‘மோக்யூடில்’ என்னும் கருவியால் அத்திரையை மறுபடி வரவழைக்கலாம்.

கார்டின் முதுமையும் காரணமாகலாம். என்விடியா தன் புதிய டிரைவர்களில் பழைய கார்டுகளை அவ்வப்போது கைவிடுகிறது. ஃபெர்மி வகைக் கார்டுகளுக்கு 390 வரிசையும், கெப்ளர் வகைக்கு 470 வரிசையுமே இறுதியானவை. அத்தகைய கார்டு உடையோர் ‘நூவோ’ என்ற டிரைவரை நாடலாம். தன்னார்வலர்கள் உருவாக்கிய அது 2010 முதல் கெர்னலிலேயே இடம்பெற்றிருக்கிறது. விளையாட்டுகளுக்கு வேகம் போதாது. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் போதும்.

திரை வந்தும் ஒவ்வொரு சாளரமும் தவழ்ந்து செல்கிறதா? அமைப்புகளில் ‘அபவுட்’ பக்கத்தைப் பாருங்கள். கிராபிக்ஸ் என்பதற்கு நேரே ‘எல்.எல்.வி.எம். பைப்’ என்றிருந்தால், கார்டு சும்மா இருக்கிறது. படம் வரையும் வேலையையும் மையச் செயலியே சுமக்கிறது என்று பொருள். டிரைவரும் நூலகமும் வெவ்வேறு பதிப்பு என்று செய்தி வந்தால், பொறியை ஒரு முறை மறுதொடக்கம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கடவுச்சொல்லைக் கொடுத்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வந்தால், டிரைவரைக் குறை கூறுமுன் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

எப்பரிகாரமாயினும் ஒரு நேரத்தில் ஒன்றையே செய்க. செய்ததைத் தாளில் எழுதுக. மறுபடி தொடங்கிப் பார்த்தபின் அடுத்ததற்குச் செல்க. ஐந்தை ஒருசேரச் செய்தால், எது நோயைத் தீர்த்தது, எது புதிய நோயை உண்டாக்கியது என்பது தெரியாமற்போகும்.

வருமுன் காத்தல்

மறுநாட் காலை கொடுக்க வேண்டிய வேலை இருக்கும் இரவில் புதுப்பிக்காதீர்கள். விடுமுறை நாளின் முற்பகல் அதற்கு ஏற்றது. ஃபெடோராவில் என்விடியா டிரைவர் உடையோர், புதுப்பித்தல் முடிந்ததும் உடனே அணைக்காமல் ஐந்து நிமிடம் பொறுத்திருப்பது நலம். பின்னணியில் டிரைவர் கட்டி முடிய அவ்வளவு நேரம் வேண்டும். டிரைவரை உங்கள் விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்தே பெறுங்கள். நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கியதையும் அதனையும் கலந்தால் இரண்டும் மோதும். பழைய கெர்னல்களில் ஒன்றையாவது எப்பொழுதும் விட்டுவையுங்கள்; இருட்டில் தடவிப் பிடிக்கும் கைப்பிடி அதுவே. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியக் கோப்புகளுக்கு வெளியே ஒரு படி இருக்கட்டும்.

என் கலைச்சொல் தொகுதிக்கு இப்பொழுது இரண்டு படிகள் உள்ளன. ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மற்றொன்று அந்த நண்பர் வீட்டில் இருக்கிறது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைத் தமிழில் எழுதி, கணிப்பொறியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். நேயர்களும் அவ்வாறு ஒரு தாளில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. திரை இருண்டபின் இக்கட்டுரையை அத்திரையில் தேடிப் படிக்க இயலாதல்லவா?